அந்தமானில் மறைந்துவரும் மரவீடுகள்

ஹாடோ மேட்டில் ஒரு மரவீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கூரைத் தகரங்கள் இறங்கிவிட்டன. பலகைகள் ஒரு பக்கம், கைமரங்கள் ஒரு பக்கம் என்று வாசலில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் பன்னிரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஆசாரி ஒரு தூணின் அடியில் உளியால் லேசாகச் சீவிப் பார்க்கிறார். வெளியே சாம்பல் நிறம். உள்ளே குங்குமச் சிவப்பு. அறுபது வருஷ மழையைத் தாங்கிய படாக் மரம் அது.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற சர்க்கார் குமாஸ்தா. அவருடைய தகப்பனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் கட்டிய வீடு. மகன் இப்போது அதே இடத்தில் மாடி வீடு கட்டப் போகிறான்.

"சுத்திலும் எல்லாரும் மாடி கட்டிட்டாங்கப்பா. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டா, பாங்க் கடன் தானா அடைஞ்சிடும்" என்பது மகனின் கணக்கு.

"கட்டு, நான் வேண்டாங்கலை. ஆனா இந்தத் தூணுங்களை மட்டும் வித்துடாதே" என்பது தகப்பனாரின் வேண்டுகோள்.

போர்ட் பிளேர் நகரில் (2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம்) ஹாடோ, டெலானிப்பூர், ஜங்கிலிகாட் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் மகன்தான் ஜெயிக்கிறான்.

தூண் தாங்கும், சுவர் மறைக்கும்

அந்த வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் கல் அல்லது சிமெண்ட் கட்டை. அதன் மேல் படாக் தூண். தூண்களின் தலையை உத்திரங்கள் இணைக்கின்றன. அவற்றின் மேல் கைமரம், நெளி தகரம். வீட்டின் பாரம் முழுவதும் தூண்களில்தான். சுவருக்குப் பாரம் தாங்கும் வேலையே கிடையாது. ஆகவே இடுப்பளவு செங்கல் அரைச்சுவர், அதற்கு மேல் குர்ஜன் பலகை, பலகைக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக மரக்கிராதி. வேண்டுமென்றால் ஒரு சுவரை எடுத்துவிட்டு இரண்டு அறையை ஒன்றாக்கலாம். வீடு விழாது. தாழ்வாரம் மூன்றடி, நான்கடி வெளியே நீண்டு நிற்கும். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் தீவில் ஜன்னலைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்க முடிந்தது என்றால் அந்தத் தாழ்வாரத்தால்தான்.

மேல்நாட்டில் இன்று பெரும் விலைக்குப் போகும் ஒரு வகை வீட்டின் சூத்திரமும் ஏறக்குறைய இதுதான் என்றால் ஹாடோவில் யாரும் நம்பமாட்டார்கள். 'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்று அதற்குப் பெயர். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த நவீன வீடுகள் என்று பொருள். வீடுகள் முன்னமே இருந்தாலும், பெயர் பரவியது 1984-ல் காரா கிரீன்பர்க் என்ற அம்மையார் அந்தக் கால நாற்காலி மேஜைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தால்தான்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். அமெரிக்காவில் வீட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. சீக்கிரமாகவும் சிக்கனமாகவும் எப்படிக் கட்டுவது என்று யோசித்தார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை 1945-ல் மாதிரி வீடுகளுக்கு ஏற்பாடு செய்தது. அந்த வரிசையில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1949-ல் தங்களுக்காக எழுப்பிய வீடு உலகப் புகழ் பெற்றது. தொழிற்சாலையில் தயாராக விற்ற இரும்புச் சட்டங்களை வாங்கிப் பூட்டிய வீடு அது. ஜோசப் ஐக்லர் என்ற வியாபாரி அதே கொள்கையை மரத்தில் செய்து, நடுத்தரக் குடும்பங்களுக்குப் பதினோராயிரம் வீடுகள் வரை கட்டி விற்றார். தூணும் உத்திரமும் பாரம் தாங்கும். தோட்டத்துப் பக்கம் முழுவதும் கண்ணாடி. கூடத்தில் உட்கார்ந்தால் மரமும் வானமும் வீட்டுக்குள் இருப்பது போலத் தோன்றும். அந்த வீடுகளின் கவர்ச்சியே அதுதான்.

கண்ணாடி அவர்கள் ஊர்க் குளிருக்குச் சரி. அந்தமான் வெயிலில் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தால் உள்ளே இருப்பவர் அப்பளம் ஆகிவிடுவார்! நம் பக்கத்தில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்குக் 'கோல்கொண்டா' விடுதியைக் கட்டியவர்கள். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை. அதை அமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். உடனிருந்து கட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா. இவர் பிற்பாடு அமெரிக்காவின் தலைசிறந்த மரவேலைக் கலைஞர்களில் ஒருவரானார். கான்கிரீட் கட்டடம்தான். ஆனால் கண்ணாடி ஜன்னல் கிடையாது. தெற்கிலும் வடக்கிலும் சுவருக்குப் பதில், சாய்த்துத் திறக்கும் அகலப் பட்டைகள். வெயில் வராது, காற்று வரும்.

சண்டிகரை இங்கே சொல்லாமல் விடமுடியாது. 1950-களில் எழுந்த அந்த நகரத்தில் பியூன் முதல் முதலமைச்சர் வரை தரவாரியாக வீடுகள் வரையப்பட்டன. பியர் ஜானரே, மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோர் கைவண்ணம். கடைசித் தர வீட்டிலும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, ஒரு முற்றம் உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் வராந்தாவுமாகக் காலம் தள்ளியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே ஆபீஸ் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்த்த பிரம்பு நாற்காலிகள் பிறகு பழைய சாமானாகக் கழித்துக் கட்டப்பட்டன. இன்று அவை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக் கணக்கில் விலை போகின்றன. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அதில் ஒரு தம்பிடியும் இல்லை.

1949-ல் வந்த கப்பல்

ஈம்ஸ் தம்பதியர் வீடு எழும்பிய அதே 1949-ம் வருஷம்தான் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிவந்து அந்தமானில் இறக்கத் தொடங்கினார்கள். இங்கேயும் அதே பிரச்சினைதான்: வந்தவர்களுக்கு உடனே வீடு வேண்டும். சிமெண்ட், இரும்பு எல்லாம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல் தாண்டி வரவேண்டும். கையருகே இருந்தது காடு. சாத்தாமில் 1883 முதல் மர அறுவை ஆலை இருந்தது. யுத்த காலத்தில் குண்டு விழுந்து சேதப்பட்டு, யுத்தம் முடிந்தபின் மறுபடி ஓடத் தொடங்கிய ஆலை அது.

தமிழர்களும் கப்பல் கப்பலாக வந்தார்கள். துறைமுக வேலைக்கு, மராமத்து வேலைக்கு, பர்மாவிலிருந்து திரும்பியவர்களாக, 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு. வந்த புதிதில் தானி ஓலைக் குடிசை. கையில் நாலு காசு சேர்ந்ததும் தகரக் கூரை. பிறகு பலகைச் சுவர், கடைசியில் படாக் தூண். சர்க்கார் குவார்ட்டர்ஸ்களும் பெரும்பாலும் இதே அமைப்பில்தான் எழுந்தன. எந்தக் கட்டடக்கலைப் பத்திரிகையும் இவற்றைப் படம் பிடிக்கவில்லை. நிகோபாரிகள் இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, உயரமான கால்களின் மேல் தேன்கூடு போன்ற வட்டக் குடில் கட்டி, ஏணி வைத்து ஏறி வாழ்ந்தவர்கள். தரைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று ஓடவேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதைப் படித்த மேதை ஒருவரும் கவனித்தார். சார்லஸ் கொரியா மரைன் ஹில் சரிவில் கட்டிய 'பே ஐலண்ட்' ஹோட்டல் 1980-களின் தொடக்கத்தில் முடிந்தது. சரிவோடு படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும் தளங்கள். சுவரில்லாத பெரிய கூடம். மேலே அகன்று கவிந்த மரக் கூரை. கூலிக்காரர் வீட்டுத் தாழ்வாரம் அங்கே பணக்காரர் உட்காரும் இடமாயிற்று.

ஏன் பிரிக்கிறார்கள்?

மகனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மரவீட்டில் குடியிருந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். படாக் தூணைக் கரையான் தொடாது, ஆனால் பலகையை விடாது. வருஷா வருஷம் கழிவு எண்ணெய் பூசவேண்டும். தகரத்தில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அடுப்படியில் தீப்பொறி பறந்தால் தெருவே கலங்கும். பலகைச் சுவரில் ரகசியமும் தங்காது. பெண் பார்க்க வருகிறவர்கள் "இன்னும் கட்டை வீடுதானா?" என்று கேட்பதைத் தாங்குவது அதைவிடக் கஷ்டம்.

இவற்றோடு மரமும் கிடைக்கவில்லை. 2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உள்ளூர்வாசிகளின் தேவைக்கு மட்டும் என்ற நிலை வந்தது. காட்டுக்கு அது நல்லதே. அதே உத்தரவு கடற்கரை மணல் அள்ளுவதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. மரவீட்டுக்கும் சிக்கல், கான்கிரீட் வீட்டுக்கும் சிக்கல்.

பிறகு 2004 டிசம்பர் 26. பூகம்பமும் சுனாமியும் சேர்ந்து தாக்கின. கடலோரத்தில் மரம், கான்கிரீட் என்ற பேதம் இல்லாமல் அலை அள்ளிக்கொண்டு போயிற்று. அன்று வந்த பயத்தில்தான் பலரும் கனமான வீடே பத்திரம் என்று நினைத்தார்கள். ஆனால் பூமி குலுங்கும்போது கனம் எதிரி. கம்பி சரியாகக் கட்டாத கான்கிரீட் தளம் தலையில் விழுந்தால் தப்ப முடியாது. பலகைச் சுவர் விழுந்தால் பெரும்பாலும் காயத்தோடு போகும். மாடி கட்டுகிறவர் முதலில் செலவழிக்க வேண்டியது பளிங்குத் தரைக்கு அல்ல, கம்பிக்கும் அதைக் கட்டத் தெரிந்த ஆளுக்கும்தான். சிக்கனம் பார்த்து மேஸ்திரி வார்த்தையை மட்டும் நம்பிக் கட்டும் வீடுகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

சௌகரியத்திலும் ஒரு வேடிக்கை. கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை இரவில் கக்குகிறது. மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாது. தீவில் மின்சாரத்தில் பெரும் பங்கு டீசல் எஞ்சினிலிருந்து வருகிறது. அது நின்றால் புழுக்கம். மழைக்காலத்தில் தளம் ஒழுகுகிறது. ஆகவே மாடி கட்டிய பலர், மொட்டை மாடியின் மேல் மறுபடி தூண் நட்டுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் குடும்பம் முழுவதும் அங்கேதான் பாய் விரித்துக் காற்று வாங்குகிறது.

ஹாடோ மேட்டில் பேச்சு ஒருவாறு முடிந்திருக்கிறது. மகன் கட்டப் போவது மாடிதான். ஆனால் முன்பக்கம் எட்டடி இடம் விட்டு, ஆறு தூண்களை அங்கே நிறுத்தி, பழைய தகரத்தில் தாழ்வாரம் இறக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். மீதி ஆறை விலை கேட்டு ஒரு மரச்சாமான் வியாபாரி இரண்டு முறை வந்து போய்விட்டார். தகப்பனார் இன்னும் பதில் சொல்லவில்லை. தூண்களின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.