பறவை கொழுக்கும் காலம்

ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் வழியாக மார்கழியில் வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கம் போனால் நீலச்சிறகி வாத்துகளைப் பார்க்கலாம். பங்குனிவாக்கில் அவை சைபீரியா வரைக்கும் கூடக் கிளம்பிவிடும். வழிச்செலவுக்கு அவற்றிடம் இருப்பது உடம்பில் சேர்த்த கொழுப்புதான். ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரி தரும்; மாவுச்சத்து 4தான்.

பறவைக்குக் காலில் வளையம் போடுபவர்கள் அதை மல்லாக்கப் பிடித்து, நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கிப் பார்ப்பார்கள். கழுத்தடிக் குழியில் மெல்லிய தோலுக்குள் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். குழி நிரம்பி மேடு தட்டியிருந்தால் பயணத்துக்குத் தயார் என்று பொருள்.

இப்படிக் கொழுப்பு சேர்வதை நடத்துவது மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. அதற்குச் சைகை தருவது நீளும் பகல்; அதைப் பறவை கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டைக் கடந்து வரும் ஒளியை மூளைக்குள் இருக்கும் செல்களே உணர்கின்றன. ஆனால் நம் ஊரில் மார்கழிக்கும் பங்குனிக்கும் பகல் முக்கால் மணி நேரம்போலத்தான் கூடும். இந்தச் சிறு மாற்றத்தோடு, நெடுந்தூரம் பறக்கும் பல பறவைகளுக்கு உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரமும் துணை நிற்கிறது.

பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பல பறவைகளில் பசியைக் கூட்டும், கொழுப்பையும் ஏற்றும். அந்தக் கொழுப்பைப் பெரும்பாலும் தயாரிப்பது கல்லீரல். கறிக்கோழியின் வயிற்றில் தொங்கும் மஞ்சள் கொழுப்பும் அங்கே பிறந்ததுதான். அதே பிட்யூட்டரியின் வளர்ச்சி ஹார்மோன், சேர்ந்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடத் தூண்டும். கரைப்பதில் பெரிய கை கணையத்தின் குளுக்ககான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் பறவை உடலியல் ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பரோடா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜே. சி. ஜார்ஜ். நம் பக்கமும் கூட்டம் கூட்டமாக வரும் சூறைக்குருவியை வைத்து, வலசைக்கு முன் நெஞ்சுத் தசையில் கொழுப்பு ஏறுவதையும் நாளமில்லாச் சுரப்பிகள் மாறுவதையும் அவரும் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். ஆண்ட்ரூ பெர்கருடன் சேர்ந்து அவர் எழுதிய பறவைத் தசை நூல் 1966இல் வந்தது.

எனக்கு வியப்பூட்டுவது 1960களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் மையர் கண்டது. வெண்தொண்டைச் சிட்டுகளுக்குப் புரோலாக்டின் ஊசி போட்டார். நாளின் ஒரு வேளையில் போட்டால் கொழுப்பு ஏறியது. வேறு வேளையில் போட்டால் குறைந்தது. அளவைவிட நேரம் முக்கியம்!

மாசி, பங்குனியில் ஏரிக்குப் போகிறவர்கள் கல்லெறிந்தோ கூச்சலிட்டோ வாத்துகளைக் கிளப்பாதீர்கள். ஒவ்வொரு முறை எழும்பிப் பறக்கும்போதும் பயணக் கொழுப்பில் கொஞ்சம் வீணாகிறது.