பர்மா ஏன் சீட்டோவில் சேரவில்லை?

ஒரு ராணுவக் கூட்டணி புதிய நாடுகளைச் சேர்த்துக்கொண்டு விரிந்தால் சுற்றியுள்ள பகுதிக்குப் பாதுகாப்பு கூடுமா, போர் அபாயம் கூடுமா? 2023-இல் பின்லாந்தும் 2024-இல் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தபோது ஐரோப்பாவில் இந்த வாதம் நடந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ரங்கூன், அதாவது இன்றைய யாங்கூன், இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அது சுதந்திர பர்மாவின் தலைநகர். பிரதமர் ஊ நூ.

1954 செப்டம்பர் 8 அன்று மணிலாவில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய எட்டு நாடுகள் கையெழுத்திட, சீட்டோ எனும் தென்கிழக்கு ஆசிய ஒப்பந்த அமைப்பு உருவானது. கம்யூனிசம் பரவாமல் தடுப்பதே அதன் நோக்கம். பெயரில் தென்கிழக்கு ஆசியா இருந்தது. அந்தப் பகுதியிலிருந்து சேர்ந்தவை கடைசி இரண்டு நாடுகள் மட்டுமே. இந்தியா, இந்தோனேசியா, இலங்கை, பர்மா நான்கும் விலகி நின்றன.

பர்மாவின் காரணம் வரைபடத்திலேயே தெரியும். சீனாவுடன் 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லை. அதுவும் அன்று முழுமையாக வரையறுக்கப்படாத எல்லை. கள்ளிகளுக்கு நடுவே சிக்கிய இளஞ்சுரைக்கொடி என்று தன் நாட்டைப் பற்றி ஊ நூ முன்பே சொல்லியிருந்தார். அதோடு ஒரு கசப்பான அனுபவமும் இருந்தது. சீன உள்நாட்டுப் போரில் மாவோவின் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற கோமின்டாங் கட்சியின் படையினர் 1950-இல் பர்மாவின் ஷான் மாநிலத்துக்குள் புகுந்து தளம் அமைத்தார்கள். அமெரிக்க உளவுத்துறை அவர்களுக்கு ரகசியமாக ஆயுதம் அனுப்பியது. அவர்களை விரட்டும் சாக்கில் சீனப் படை உள்ளே வந்துவிடுமோ என்பதே ரங்கூனின் பெரும் பயம். 1953-இல் பர்மா ஐ.நா.வில் புகார் செய்தது. அமெரிக்க உதவியையும் நிறுத்தச் சொன்னது. பெரிய நாட்டின் ஆயுதம் தன் மண்ணுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்த அரசு அது. அதை அடுத்த ஆண்டே அதே நாட்டின் கூட்டணியில் சேரச் சொன்னால் எப்படிச் சேரும்?

கூட்டணியை ஆதரித்தவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தனித்து நிற்கும் சிறிய நாட்டை யாரும் மிரட்டலாம். பலமான நாடுகள் துணை நின்றால் எதிரி தயங்குவான். ஆனால் அந்தத் துணை எவ்வளவு உறுதியானது என்பதை ஒப்பந்தத்தின் வாசகத்தில்தான் பார்க்க வேண்டும். ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை தத்தம் அரசியலமைப்பு நடைமுறைப்படி செயல்படும் என்றுதான் மணிலா ஒப்பந்தம் சொன்னது. கம்யூனிஸ்டுத் தாக்குதலுக்கு மட்டுமே தன் கடமை பொருந்தும் என்று அமெரிக்கா தனியாகவும் பதிவு செய்தது. 1965-லும் 1971-லும் இந்தியாவுடன் போரிட்டபோது பாகிஸ்தானுக்கு சீட்டோ படை அனுப்பவில்லை. பிறகு பாகிஸ்தான் விலகியது. 1977-இல் அமைப்பே கலைந்தது. தாய்லாந்துக்கு அமெரிக்க உதவி நிறையக் கிடைத்தது. கூடவே வியட்நாம் மீது குண்டு வீசப் புறப்படும் விமானங்களுக்குத் தளமாகவும் அது ஆனது.

பர்மாவுக்கு என்ன கிடைத்தது? 1954 ஜூனில் சீனப் பிரதமர் சூ என்லாய் ரங்கூன் வந்து, ஊ நூவுடன் சேர்ந்து, அமைதியான சகவாழ்வுக்கான பஞ்சசீலக் கூட்டறிக்கை வெளியிட்டார். 1960 அக்டோபர் 1 அன்று எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. சீனாவுடன் எல்லைத் தகராறைப் பேசித் தீர்ப்பது எவ்வளவு கடினமாகலாம் என்பது 1962 இந்திய-சீனப் போரைக் கண்ட நமக்குத் தெரியும். ஆனாலும் நடுநிலை முழுக் கவசமாக இருக்கவில்லை. 1967-இல் ரங்கூனில் சீனர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டே பர்மியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் படை சீனாவின் ஆதரவோடு எல்லை தாண்டி வந்தது.

இதைவிடப் பெரிய விலை உள்நாட்டில் இருந்தது. வெளித்துணை இல்லாத பர்மா, கோமின்டாங்கையும் உள்நாட்டுக் கிளர்ச்சிகளையும் எதிர்க்கத் தன் ராணுவத்தைப் பெருக்கியது. அந்த ராணுவம் 1962-இல் தளபதி நே வின் தலைமையில் ஆட்சியைப் பிடித்தது. கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாக, லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் பெருந்தொகையான தமிழர்கள், கையில் ஏதுமின்றிக் கப்பலேறினார்கள். கூட்டணியில் சேர்ந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல முடியாது; உறுப்பு நாடுகளான பாகிஸ்தானிலும் தாய்லாந்திலும் தளபதிகளே ஆண்டார்கள். அன்னியப் படையை உள்ளே விடாத ஊ நூவின் முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அன்னியப் படைகளுக்குத் தரப்பட்ட கவனத்தில் ஒரு பங்குகூட, சொந்தப் படையை யார் கட்டுக்குள் வைப்பது என்ற கேள்விக்குத் தரப்படவில்லை.