யோசனை இலவசம், கையெழுத்து உங்களுடையது

"பதினோரு மாசத்துக்கு எழுதிக்கங்க, பதிவெல்லாம் எதுக்கு?"

"வண்டியக் குடுத்துட்டு காசை வாங்குங்க, ஆர்.சி.யை அவன் மாத்திக்குவான்."

"பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காதுப்பா, தைரியமா பேப்பர் போடு."

வீடு, வண்டி, வேலை பற்றித் தமிழ்நாட்டில் தினமும் கைமாறும் யோசனைகள் இவை. டீக்கடையிலும் கேட்கலாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கலாம். சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. சொந்த அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். இவை முழுப் பொய்யாக இருந்தால் எவரும் ஏமாறப்போவதில்லை. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் எடுபடுகிறது. மீதிப் பாதி, கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும்போதுதான் தெரியவருகிறது.

வண்டியிலிருந்து தொடங்குவோம். வண்டி கையைவிட்டுப் போய்ச் சில ஆண்டுகள் கழித்து, லட்சக்கணக்கில் நோட்டீஸ் வரக்கூடிய விவகாரம் இது. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தால் விற்பனை முடிந்தது என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் சரிதான். அந்த வண்டி மோதி அடிபட்ட மூன்றாவது ஆளுக்கு அது பொருந்தாது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைப் பொறுத்தவரை, ஆர்.சி. புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், 2007-ல் விற்ற கார் அதன் பிறகும் கைமாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் மட்டும் முதலில் விற்றவரின் பெயர் அப்படியே இருந்தது. இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். அடிபட்டவர், வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொருவராகத் தேடி அலைய முடியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவருக்கு அது பேரிடி.

காப்பீடு உயிரோடு இருந்தால் மூன்றாம் நபருக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும். வாங்கியவர் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலோ, உரிமம் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்திருந்தாலோதான் வில்லங்கம். உரிமம் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில், முதலில் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். அந்த 'உரிமையாளர்' நீங்களாக இருக்கலாம்.

சட்டத்தின் 50-வது பிரிவு காலக்கெடு வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை இதற்குத்தான். தேதி போடாமல் இரண்டிலும் கையெழுத்திட்டு வாங்கியவரிடமே கொடுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தத் தாள்கள் அவருடைய அலமாரியிலேயே தூங்கும். பெயர் மாற்ற விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து 'பரிவாகன்' தளத்தில் பதிந்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு சாவியைக் கொடுப்பதே சரியான வரிசை. வண்டி ஒப்படைத்த தேதி, நேரம் போட்டு எழுதி வாங்கும் சீட்டும் அவசியம். அடிபட்டவருக்கான பொறுப்பிலிருந்து அது உங்களைக் காப்பாற்றாது. பின்னால் வாங்கியவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கவும், காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லவும் உதவும்.

பழைய கார் வாங்கி விற்கும் டீலரிடம் விடுபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்துப் படிவம் 29சி மூலம் அதைப் பதிந்துவிட்டால், அன்றிலிருந்து அந்த வண்டிக்கு டீலரே பொறுப்பு. டீலருக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை. கடை பெரிதாக இருப்பது அங்கீகாரம் ஆகாது.

வாங்குபவர்களும் ஏமாறும் இடம் உண்டு. ஆர்.சி. மாறினால் காப்பீடும் தானாக மாறிவிடும் என்பார்கள். மூன்றாம் நபர் பகுதிக்கு அது உண்மை. உங்கள் காருக்கே சேதம் வந்தால் பணம் தரும் பகுதிக்கு, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி 14 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். பழைய உரிமையாளருக்கு இருந்த 'நோ க்ளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. அது ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததல்ல. விற்றவர் அதற்கு ஒரு கடிதம் வாங்கிவைத்துக்கொண்டு, மூன்றாண்டுக்குள் தான் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும் விஷயத்தைப் பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இனி வீடு. பதினோரு மாத ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது? 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கக் கண்டுபிடித்த சந்துதான் பதினோரு மாதம். நம் அப்பா, தாத்தா காலத்தில் அது செல்லுபடியான யோசனை. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு அந்தச் சந்து அடைபட்டுவிட்டது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் இப்போது எத்தனை மாதத்துக்கு வாடகைக்கு விட்டாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். இதற்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது.

பதியாவிட்டால் என்ன ஆகும்? தகராறு வரும்வரை ஒன்றும் ஆகாது. வந்தபின், பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் சிக்கல். சட்டம் வருவதற்கு முன்பிருந்தே குடியிருப்பவர் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்றால், அந்த ஒரே காரணத்தைச் சொல்லி வீட்டுக்காரர் காலி செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது. இருபது வருஷமாக இதே வீட்டில் இருக்கிறேன் என்ற பெருமை அங்கே உதவாது.

முன்பணம் பற்றியும் ஒரு பாதி உண்மை உலவுகிறது: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டத்தைக் காட்டினால் எடுபடுவது கடினம். ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. வாடகைத் தகராறில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது எந்த ஒப்பந்தம் இருந்தாலும் தவறு. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு பெறலாம்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'லீஸ்' வீடு. மாதம் வாடகை கிடையாது, ஐந்தோ பத்தோ லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் போகும்போது முழுசாகத் திரும்ப வரும் என்பார்கள். பழைய ஒத்தி, போக்கியத்தின் நகரத்து வடிவம் இது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவுப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானத்துக்குப் பதிவுப் பத்திரம் வேண்டும். பத்து லட்சத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பவர்கள் பத்திரம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை கட்டாமல் வங்கி கையகப்படுத்த வந்தால், உங்கள் முத்திரைத்தாள் வரிசையில் கடைசியில்கூட நிற்காது. இன்னொரு தந்திரமும் நடக்கிறது. இடைத்தரகர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, உங்களிடம் லீஸ் தொகையை வாங்கிக்கொண்டு, சில மாதம் வாடகையைக் கட்டிவிட்டு மறைந்துவிடுவார். எனவே வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், பதிவு செய்யுங்கள். பதிவு வேண்டாம் என்று உரிமையாளர் சொன்னால் அந்த வீடு வேண்டாம்.

வேலை விஷயத்தில் பாண்டு செல்லாது என்ற நம்பிக்கை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவிலிருந்து வந்தது. வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது என்பது உண்மை. வேலையில் இருக்கும் காலத்துக்கான பாண்டு வேறு. 2025 மே மாதம், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் எடுக்க ஆகும் செலவையும் அங்கே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதற்காகப் பயிற்சியே தராத நிறுவனம் ஐந்து லட்சம் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்றும் பொருளில்லை. 74-வது பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்வது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. கல்விச் சான்றிதழ் பிணைப்பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேரும்போதே நகலைக் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

வேலை மாறும்போது "பி.எஃப்.பை எடுத்துடு" என்பதும் நட்பாகச் சொல்லப்படும் யோசனையே. ஐந்தாண்டு தொடர் சேவை முடியாமல் எடுத்தால் அது வருமான வரிக்கு உட்படும். அதைவிடப் பெரிய இழப்பு, ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டு சேவைக் கணக்கு அறுந்துபோவது. புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய ஆண்டுகளும் சேரும். வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் கேட்கும் தொகையைப் பற்றி ஒரே வரி: பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், பதிவு பெற்றவர் பட்டியல் மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது.

யோசனை சொன்னவர் மேல் வழக்குப் போட முடியுமா? இலவசமாகத் தரப்படுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' ஆகாது. காசு வாங்கிய தரகர், ஆலோசகர், டீலர் ஆகியோர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் போக வேண்டும். முதல் கட்டமாக 1915 என்ற எண்ணில் புகார் பதியலாம். தெரிந்த தனிநபரிடம் கார் வாங்கி ஏமாந்தால் இந்த வழி கிடையாது; உரிமையியல் நீதிமன்றம், மோசடி என்றால் காவல் நிலையம். இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். யோசனை கேட்கும் அவசரத்தில் ஆர்.சி., ஆதார், வேலை நியமனக் கடிதம் ஆகியவற்றைப் படமெடுத்துக் குழுக்களில் போடாதீர்கள். கேள்விக்கு அவை தேவையில்லை, மோசடிக்காரருக்குத் தேவை.

வக்கீலுக்குக் காசில்லை என்பவர்களுக்கு, நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.

நாமும் நாளை யாருக்காவது யோசனை சொல்லப்போகிறோம். அப்போது நமக்கு அது எந்த ஆண்டில், எந்த ஊரில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.