ஒரே ஈக்கு நான்கு பெயர்

புதுக்குடியிருப்பில் வளவுக் கொய்யா பழுத்தால் பலரும் அதை அப்படியே கடிப்பதில்லை. பிட்டுப் பார்த்த பிறகுதான் வாய்க்குப் போகும். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் கோழிக்கு. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் தப்புவதில்லை. தோலில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி; விரலால் அமத்தினால் அந்த இடம் மட்டும் கொழகொழவென்று உள்ளே போகும். பெண் பழ ஈ வால் ஊசியால் துளைத்து முட்டையிட்ட இடம் அது.

அந்த ஈ எந்த இனம் என்ற கேள்வியில் உலகத்துப் பூச்சியியலாளர்கள் இருபது வருடங்களுக்கு மேல் மல்லுக்கட்டினார்கள். அந்தச் சண்டையில் இலங்கையின் பெயரும் அடிபட்டது.

பழ ஈ இலையானை விடச் சற்று நீளமானது, குளவிச் சாயல். முதுகின் இரு கரையிலும் மஞ்சள் கோடு, வயிற்றில் ஆங்கில 'ரி' எழுத்துப்போலக் கறுப்புக் குறி. வாழைக்குலையை மொய்க்கும் பொடி ஈ இதுவல்ல; அது வேறு குடும்பம்.

தாய்வானில் கிடைத்த ஈக்களை வைத்து 1912 இல் ஹென்டெல் என்பவர் இந்தப் பழ ஈக்கு டோர்சாலிஸ் என்ற இனப்பெயரைக் கொடுத்தார். 1994 இல் ட்ரூ, ஹான்கொக் என்ற இருவர் ஆசிய ஈக்களை உருப்பெருக்கியில் வைத்து அலசி, டோர்சாலிஸ் கூட்டத்தில் 52 இனங்கள் உண்டென்றார்கள். அவற்றில் 40 புதியவை. முதுகுக் கோட்டின் அகலம், காலின் நிறம், வால் ஊசியின் நீளம் என்பனவே அளவுகோல். மலேசியப் பக்கத்து ஈ பப்பாயே ஆனது. பிலிப்பைன்ஸ் ஈ பிலிப்பினென்சிஸ். இலங்கையில் ஒன்றுக்குக் கண்டியென்சிஸ் என்று பெயர் விழுந்தது.

2003 இல் கென்யாக் கரையோரத்தில் அதுவரை ஆபிரிக்கா காணாத ஒரு பழ ஈ பிடிபட்டது. இலங்கையில் சேகரிக்கப்பட்ட சில ஈக்களும் அதனுடன் பொருந்தின. 2005 இல் ட்ரூ, சுருதா, வைட் மூவரும் அதை இன்வாடென்ஸ் என்ற புது இனமாக அறிவித்தார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே இலங்கை இருந்தது. பெயர் என்பது இங்கே ஏட்டுச் சங்கதி அல்ல. எந்த நாட்டில் எந்த ஈ இருக்கிறது என்று பார்த்துத்தான் பழ இறக்குமதிக்குக் கதவு திறக்கும். இந்த ஈயைக் காரணங்காட்டி 2007 இல் தென்னாபிரிக்கா கென்ய அவகாடோவை நிறுத்தியது.

ஆனால் இன்வாடென்சின் முதுகு ஒன்றில் செம்மண் நிறம், இன்னொன்றில் கரி நிறம், இடையில் எல்லாச் சாயலும். ஓர் இனத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்குமானால், நிறத்தை நம்பி இனம் பிரிப்பது எப்படி?

கண்ணுக்கு எட்டாததைக் கலப்பு காட்டும் என்பது பழைய பாடம். 1919 இல் அமெரிக்கரான ஸ்டர்ட்டவன்ட், வாழைப்பழப் பொடி ஈக்களில் ஒட்டிப்பிறந்தவைபோல் இருந்த இரண்டு இனங்களை வேறாக்கினார். கலந்தால் குஞ்சு பிறக்கும். அந்தக் குஞ்சு மலடு.

2010 இல் சர்வதேச அணுசக்தி முகவரகமும் உணவு விவசாய ஸ்தாபனமும் சேர்ந்து இந்த வழக்கைக் கையில் எடுத்தன. அணுசக்திக்கு ஈயோடு என்ன வேலை என்று தோன்றும். கதிர்வீச்சால் ஆண் ஈக்களை மலடாக்கித் தோட்டங்களில் விடுவது ஒரு கட்டுப்பாட்டு முறை. காட்டுப் பெண் ஈ அந்த ஆணைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் முழுச் செலவும் வீண். வலைக்கூண்டுக்குள் ஒரு மரக்கன்று வைத்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு வகைக் கன்னி ஈக்களை, முதுகில் நிறப்பொட்டு வைத்து விட்டார்கள். இந்த ஈ கூடுவது கருக்கலில். கூடும் சோடிகளைச் சிறு குப்பியில் பிடித்து, யாரோடு யார் என்று எண்ணினார்கள். டோர்சாலிஸ், பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வாடென்ஸ் நான்கும் தம்முள் பேதம் பார்க்கவில்லை. குஞ்சுகளும் நன்றாக வளர்ந்தன. கரம்போலே என்ற இனம் மட்டும் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டது. அதன் கலப்பு முட்டைகளும் குறைவாகவே பொரித்தன. உமிழ்நீர்ச் சுரப்பியின் நிறமூர்த்தங்கள், ஆண் விடும் மணப்பொருள், டிஎன்ஏ எல்லாம் அதே சாட்சியைச் சொன்னன.

2015 இல் தீர்ப்பு அச்சேறியது: நான்கும் டோர்சாலிஸ் ஒன்றே. ட்ரூ ஏற்கவில்லை. ஆனால் ஒருவர் கண்ணை விட இத்தனை சோதனைகளின் ஒருமித்த விடையே நம்பத்தக்கது.

அதற்காக உடலமைப்பு ஆய்வைத் தூக்கி எறியவும் முடியாது. நம் நாட்டுக் கண்டியென்சிஸ் டோர்சாலிசுக்குக் கிட்டத்தட்ட அச்சு அசல்தான். ஆனால் சிறகு நரம்புகளை அளந்து பார்த்தபோதும் டிஎன்ஏயைப் படித்தபோதும் அது தனியாகவே நின்றது. அதுவும் மாம்பழத்தைக் கெடுப்பதுதான்.

இரண்டு இனத்து ஆண்களும் மெதைல் இயூஜினோல் என்ற மணப்பொருள் வைத்த பொறிக்கு வரும், பெண்கள் வராது. ஆகவே பொறி கட்டியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். விழுந்த பழத்தை மரத்தடியில் விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அன்றன்றே பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், அல்லது பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள்.