அமர்நாத் சேகல் எதிர் இந்திய ஒன்றியம்

அமர்நாத் சேகல் எதிர் இந்திய ஒன்றியம் என்பது தில்லி உயர் நீதிமன்றம் 2005 பெப்ரவரி 21 அன்று தீர்ப்பளித்த ஒரு பதிப்புரிமை வழக்கு ஆகும். அரசுக் கட்டடம் ஒன்றில் நிறுவப்பட்டிருந்த வெண்கலச் சுவர்ச்சிற்பம், அதனைப் படைத்த சிற்பிக்கு அறிவிக்கப்படாமல் அகற்றப்பட்டதால் இவ்வழக்கு எழுந்தது. ஒரு கலைப்படைப்பை விலைகொடுத்துப் பெற்றவர் அதனைச் சிதைக்கவும் அழிக்கவும் உரிமை உடையவரா என்ற கேள்வியை இந்திய நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த முக்கிய வழக்காக இது கருதப்படுகிறது.

தார்மீக உரிமை

ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ பொறுத்தவரை மூன்று வகையான உரிமைகளை வேறுபடுத்திப் பார்க்கலாம்.

1. பொருளின் உடைமை: வெண்கலம், கல், துணி ஆகியவற்றாலான அப்பொருளை வைத்திருக்கும் உரிமை. இது விற்பனையின்போது வாங்குபவரைச் சேர்கிறது.
2. பொருளாதார உரிமை: படைப்பைப் படியெடுக்கவும் வெளியிடவும் அதன்மூலம் வருவாய் ஈட்டவும் உள்ள உரிமை. இதனை ஒப்பந்தத்தின் மூலம் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம்.
3. தார்மீக உரிமை: படைப்பு தன்னுடையது என உரிமை கோரவும், அதனைப் பிறர் சிதைப்பதைத் தடுக்கவும் படைப்பாளிக்கு உள்ள உரிமை.

தார்மீக உரிமை என்னும் கருத்து பிரான்சு நாட்டுச் சட்ட மரபில் வளர்ந்தது. 1928இல் உரோம் நகரில் திருத்தப்பட்ட பேர்ன் உடன்படிக்கையில் இது சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இவ்வுரிமையை வழங்குகிறது. பொருளாதார உரிமை முழுவதையும் விற்றுவிட்ட பின்னரும் இது படைப்பாளியிடமே இருக்கும் என்பது இப்பிரிவின் சிறப்பாகும்.

பின்னணி

அமர்நாத் சேகல் (1922–2007) இன்றைய பாக்கித்தானிலுள்ள அட்டாக் நகரில் பிறந்த இந்தியச் சிற்பி ஆவார். புது தில்லியிலுள்ள விஞ்ஞான் பவன் என்னும் மாநாட்டு மண்டபத்திற்கு ஒரு சுவர்ச்சிற்பம் செய்து தருமாறு 1957இல் இந்திய அரசு அவரிடம் பணியை ஒப்படைத்தது. சுமார் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட அச்சிற்பம் 1962இல் நிறைவுற்றது. பன்னாட்டு மாநாடுகளுக்கு வந்தவர்கள் பலரும் பார்க்கும் இடத்தில் அது அமைந்திருந்தது.

1979இல் மண்டபத்தில் நடைபெற்ற புதுப்பிப்பு வேலைகளின்போது சிற்பம் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. சிற்பியிடம் ஒப்புதல் பெறப்படவில்லை. பெயர்த்தபோதும் கொண்டு சென்றபோதும் சிற்பத்தின் பகுதிகள் சேதமடைந்தன. சில பகுதிகள் காணாமற் போயின. சேகல் அரசுக்குப் பலமுறை முறையிட்டும் பயன் கிட்டாததால் 1992இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். சிற்பத்திற்கு மேலும் சேதம் விளைவிக்கக்கூடாது என அதே ஆண்டில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது.

வாதங்கள்

சிற்பத்தைச் சிதைத்ததும், அதன் பகுதிகளைத் தொலைத்ததும், தமது பெயரை நீக்கியதும் 57ஆம் பிரிவை மீறுவதாகும் எனச் சேகல் வாதிட்டார். மன்னிப்பும் 50 இலட்சம் ரூபாய் இழப்பீடும் கோரினார்.

சிற்பத்திற்கு உரிய பணம் கொடுக்கப்பட்டுவிட்டது, எனவே அது அரசின் உடைமை, உடைமையை உரிமையாளர் தம் விருப்பப்படி கையாளலாம் என்பது அரசின் நிலைப்பாடாக இருந்தது. வழக்கு காலங்கடந்து தொடரப்பட்டது என்றும் அரசு வாதிட்டது.

தீர்ப்பு

நீதிபதி பிரதீப் நந்திரஜோக் சேகலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். இதில் எழுந்த சிக்கலான சட்டக் கேள்வி, முழுமையான அழிவு பற்றியது. சிதைந்த படைப்பைக் காண்போர் அதனைப் படைத்தவரைக் குறைவாக மதிப்பிடக்கூடும். ஆனால் முற்றாக அழிந்த படைப்பைக் காண்பதற்கே ஒன்றும் இல்லை, ஆகவே நற்பெயருக்குக் கேடு இல்லை என்பது மரபான வாதம். இதன்படி, சிற்பத்தின் கையை உடைத்தவர் குற்றவாளியாவார். முழுச் சிற்பத்தையும் உருக்கியவர் தப்பிவிடுவார்.

இவ்வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அழித்தல் என்பது சிதைத்தலின் உச்சநிலை என்றும், ஒரு கலைஞரின் ஒட்டுமொத்தப் படைப்புத் தொகுதியை அது குறைப்பதால் அவரது நற்பெயரும் பாதிக்கப்படுகிறது என்றும் நீதிமன்றம் கருதியது. பண்பாட்டு மரபைக் காக்கும்படி பன்னாட்டு உடன்படிக்கைகள் அரசின்மீது சுமத்தும் கடமையும் சுட்டிக்காட்டப்பட்டது.

எஞ்சிய சிற்பத்தை இரண்டு வாரங்களுக்குள் சேகலிடம் ஒப்படைக்கவும், 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் அரசுக்கு உத்தரவிடப்பட்டது. சிற்பத்தின் மீதான அரசின் உரிமைகள் அற்றுப்போயின எனவும் அறிவிக்கப்பட்டது. அப்போது சேகலுக்கு வயது 83. சிற்பம் அகற்றப்பட்டு 26 ஆண்டுகள் கடந்திருந்தன.

சட்டத்தின் எல்லைகள்

57ஆம் பிரிவு 1994இல் திருத்தப்பட்டது. இதன்படி, படைப்பைச் சிதைத்தது மட்டும் போதாது. அச்செயல் படைப்பாளியின் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு தருவதாகவும் இருக்க வேண்டும். படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் இருப்பதும், படைப்பாளி விரும்பியவாறு வைக்காமல் இருப்பதும் உரிமை மீறலாகா எனவும் விளக்கம் சேர்க்கப்பட்டது. எனவே பொதுவிடத்துச் சிற்பம் ஒன்றைப் பாதுகாப்பாக எடுத்து வேறிடத்தில் வைப்பதை இச்சட்டத்தால் எளிதில் தடுக்க இயலாது.

தில்லி பிரகதி மைதானத்தில் 1972இல் திறக்கப்பட்ட 'ஆல் ஆஃப் நேசன்சு' கண்காட்சிக் கூடம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் தொடர்ந்த வழக்கை அதே தில்லி உயர் நீதிமன்றம் 2019இல் தள்ளுபடி செய்தது. கட்டடத்தை முழுமையாக இடிக்கும் நில உரிமையாளரைக் கட்டடக் கலைஞரின் தார்மீக உரிமை தடுக்காது என்றும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றால் நற்பெயர் கெடாது என்றும் நீதிமன்றம் கருதியது. சேகல் வழக்கில் ஏற்கப்படாத வாதமே இங்கு ஏற்கப்பட்டது எனலாம். இரு தீர்ப்புகளும் ஒரே உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதிகளால் வழங்கப்பட்டவை.

பிற நாடுகளில்

* கனடா: டொராண்டோ வணிக வளாகம் ஒன்றில் தொங்கவிடப்பட்டிருந்த வாத்துச் சிற்பங்களின் கழுத்தில் கிறித்துமசுக்காக நாடாக்கள் கட்டப்பட்டன. இதனை எதிர்த்துச் சிற்பி மைக்கேல் சுனோ தொடர்ந்த வழக்கில், நாடாக்களை அகற்றுமாறு 1982இல் உத்தரவிடப்பட்டது.
* ஐக்கிய அமெரிக்கா: 1990ஆம் ஆண்டுச் சட்டம் மதிப்புப் பெற்ற காட்சிக் கலைப்படைப்புகளின் அழிவையும் தடைசெய்கிறது. நியூயார்க்கின் '5 பாயின்ட்சு' கட்டடத்தின் சுவரோவியங்கள் 2013இல் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. 21 ஓவியர்களுக்கு 67.5 இலட்சம் டாலர் வழங்குமாறு 2018இல் தீர்ப்பாயிற்று. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது.
* சுவிட்சர்லாந்து: வேறு பிரதி இல்லாத மூலப்படைப்பை அழிக்க எண்ணும் உரிமையாளர், அதனைப் பாதுகாப்பதில் படைப்பாளிக்கு நியாயமான அக்கறை இருக்குமெனக் கருத இடமிருந்தால், முதலில் அவரிடமே அதனைத் திருப்பித்தர முன்வர வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* பதிப்புரிமை
* பேர்ன் உடன்படிக்கை
* விஞ்ஞான் பவன்