வரைபடத்தில் விழாத புள்ளி

2018 ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மலைகள் சரிந்தன. அவ்வேளையில் ஐ-டிரிபிள்-ஈ என்னும் பொறியாளர் சங்கத்தின் தொண்டர்கள், மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷனுடன் இணைந்து 'கேரளா ரெஸ்கியூ' என்னும் இணையதளத்தை நடத்தினர். சமூக வலைத்தளங்களில் சிதறிக் கிடந்த அபயக் குரல்கள் அங்கே ஒருங்கு திரண்டு, வரைபடத்தில் புள்ளிகளாயின.

ஆயினும், புள்ளியில்லாத இடம் துன்பமில்லாத இடமன்று. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணில் புதைந்தன. மாண்ட 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்தமையால், செய்தி வெளியே வருமுன் பொழுது விடிந்துவிட்டது.

ஆகவே, தொண்டு நிறுவனங்கள் லயந்தோறும் குடும்பக் கணக்கை முன்கூட்டியே எடுத்து வைத்தல் வேண்டும். வெளிமாநிலங்களில் வாழும் நாமும் மலைநாட்டு உறவினரின் இருப்பிடத்தைத் தெளிவாகக் குறித்து வைப்போமாக.