முகம் தெரியாத ஏலம்



கோயில் திருவிழா முடிந்த பிறகு நம் தோட்டங்களில் ஏலம் விடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சாமிக்குச் சாத்திய மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!" என்று கூவுவார்கள். ஐம்பது வெள்ளி கேட்டவர் யார், எந்த லயத்தில் இருக்கிறார், போன வருடம் கேட்ட தொகையை ஒழுங்காகக் கட்டினாரா என்பதெல்லாம் கூட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஏலத்திற்குக் காவல் நம் கண்களே.

இன்று பிரிஞ்சாங் போன்ற மலை ஊர்களிலும் கைத்தொலைபேசி வழியாக ஏலம் நடக்கிறது. பழைய தையல் இயந்திரம், பித்தளைச் சாமான், பழைய நாணயம், பூச்செடி என்று நம் வீட்டில் உள்ள பொருளைப் படம் பிடித்துப் போட்டால், ஜொகூரில் இருப்பவரும் சரவாக்கில் இருப்பவரும் விலை கேட்கிறார்கள். உள்ளூரில் இருபது வெள்ளிக்கும் போகாத பொருள் அங்கே இருநூறு வெள்ளிக்குப் போகலாம். நல்ல வசதிதான். ஆனால் கேட்பவரின் முகம் நமக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஏலத்தில் சந்தேகத்திற்குரியவர் வந்து விலை கேட்டால் நாம் என்ன செய்வது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மகளை மேற்படிப்புக்கு அனுப்பும் நேரத்தில் வீட்டில் பணமுடை. தாத்தா வைத்திருந்த பழைய வால்வு வானொலிப் பெட்டியை இணையத்தில் ஏலம் விட்டோம். நூறு வெள்ளியில் தொடங்கி நானூற்று இருபதில் முடிந்தது. வென்றவர் அன்று மாலையே பணம் அனுப்பிய சீட்டைப் படமாக அனுப்பினார். "கூரியர் கடை மூடுவதற்குள் அனுப்பிவிடுங்கள், நாளை அப்பாவுக்குப் பிறந்தநாள்" என்று நாலைந்து முறை அவசரப்படுத்தினார். மழையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மா, "காசு வந்துருச்சாப்பா?" என்று கேட்டார். "சீட்டு வந்துருச்சும்மா" என்றோம்.

பணம் வரவே இல்லை. அந்த எண்ணும் மறுநாள் முதல் எடுபடவில்லை. அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். "கூடையை நிறுக்காம எந்தக் கிராணியாவது சீட்டு எழுதுவாரா? நீ படிச்சவன், நிறுக்காமலே எழுதிட்டியே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சீட்டு என்பது பணம் அல்ல. பணம் நம் கணக்கில் ஏறியதை நாமே பார்ப்பதுதான் நிறுவை.

இனி, இந்த ஏலங்களில் வரும் தவறான ஆட்களை வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதல் வகை, விளையாட்டுக்கு விலை கேட்பவர். பெரிய தொகையைக் கேட்டு வென்றுவிட்டுப் பிறகு ஆளே காணாமற் போவார். பணம் நம்மை விட்டுப் போகாது. நாளும் நல்ல வாடிக்கையாளரும்தான் போகும். இதற்கு மருந்து, எத்தனை நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிடுவது. ஈபே தளத்தில் நான்கு நாள் கடந்தும் பணம் கட்டாவிட்டால் விற்பவர் விற்பனையை இரத்துச் செய்யலாம். அடுத்தபடியாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுக்க முன்வரலாம். மற்ற இடங்களில் விற்போரும் இந்த முறையை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகை, சோடி போட்டு வருபவர்கள். முந்நூறு வெள்ளி பெறும் பொருளுக்கு ஒருவர் அறுபது வெள்ளி கேட்பார். உடனே அவருடைய கூட்டாளி தொள்ளாயிரம் என்று ஏற்றிவிடுவார். மற்றவர்கள் பயந்து விலகுவார்கள். முடியும் நேரத்தில் தொள்ளாயிரம் கேட்டவர் பின்வாங்குவார். பொருள் அறுபது வெள்ளிக்கு முதல் ஆளிடம் போய்விடும். நம் நாட்டில் 1957 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, சுத்தியல் விழும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். ஆகவே விலை திடீரென்று தாவினால் கடைசி நேரம்வரை காத்திராமல் அவரை உடனே விசாரிக்க வேண்டும். இந்த விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்ற அடிவிலையையும் முன்பே குறித்துவிட வேண்டும்.

மூன்றாம் வகை, கூடுதலாக அனுப்பிவிட்டேன் என்பவர். முந்நூறுக்குப் பதில் மூவாயிரத்திற்குக் காசோலை போட்டுவிட்டதாகச் சொல்லி, மீதியைத் திருப்பி அனுப்பக் கேட்பார். காசோலைத் தொகை கணக்கில் தெரிந்தாலும், அது வங்கியில் தேறும்வரை நம் பணம் ஆகாது. திரும்பி வந்துவிட்டால், நாம் அனுப்பிய மீதி நம் சொந்தக் காசு.

நான்காம் வகை மிகவும் கொடியது. "பணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள்", "வங்கியிலிருந்து வந்த எண்ணைச் சொல்லுங்கள்", "இந்தச் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள்" என்பார்கள். நேயர்களே, ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு நம் பெயர், வங்கியின் பெயர், கணக்கு எண் ஆகியவை போதும். கடவுச்சொல்லும் வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் பணம் வெளியே போவதற்குத்தான் தேவைப்படும். அதைக் கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர்.

சரி, சந்தேகம் வந்தவரையெல்லாம் விரட்டிவிடலாமா? அதுவும் தவறு. ஈபே 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவரால் தொடங்கப்பட்டது. அங்கே முதலில் விற்ற பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுக்கோல். விலை 14 டாலர் 83 சென்ட். உடைந்த பொருளை யார் வாங்குவார் என்று வியந்து, அது பழுதானது என்று தெரியுமா எனக் கேட்டு எழுதினார் ஒமிடியார். பழுதான சுட்டுக்கோல்களைச் சேர்ப்பதுதான் தம் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். விசித்திரமாகத் தோன்றியவர் நேர்மையானவராக இருந்தார். கேட்டதனால்தான் அது தெரிந்தது.

ஆகவே கேளுங்கள். அவருடைய கணக்கு எப்போது தொடங்கியது, முன்பு விற்றவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கணக்குப் புதிது என்பது மட்டும் குற்றமாகாது. நாமும் ஒரு நாள் புதியவர்களாகத்தான் இருந்தோம். புதியவர், விலையும் மிக அதிகம், அவசரமும் படுத்துகிறார் என்று மூன்றும் சேர்ந்தால் எச்சரிக்கையாகுங்கள். மரியாதையாக ஒரு தொலைபேசி எண் கேளுங்கள். போலீஸ் படை நடத்தும் 'செமாக் மியூல்' என்ற இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் பற்றிப் புகார் இருக்கிறதா என்று தேடலாம். புகார் இல்லை என்பதனாலேயே நல்லவர் என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம். மனம் ஒப்பாவிட்டால், தளத்தின் விதி இடம் கொடுக்கும் முறைப்படி அவர் கேள்வியை நீக்கிவிடுங்கள்.

நேர்மை நம் பக்கமும் வேண்டும். அண்ணன் மகனை விட்டு விலையை ஏற்றச் சொல்வது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். அப்படிப் பொய்யாக விலையை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையைத் தள்ளிவிட அதே 1957 சட்டம் உரிமை தருகிறது. பொருளில் கீறல் இருந்தால் கீறலையும் படம் பிடித்துப் போடுங்கள்.

ஏலம் முடிந்தபின் வேலை எளிது. அவர் அனுப்பும் சீட்டைப் பார்த்து நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் படிக்கும் பிள்ளையை வைத்துப் பாருங்கள். இல்லையேல் பட்டணத்திற்குப் போகும்போது வங்கியில் கேளுங்கள். அதுவரை பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். உண்மையில் வாங்குபவர் ஒரு நாள் பொறுப்பார்.

மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. பொருள் போயிருந்தால் போலீஸ் நிலையத்தில் புகார் செய்யுங்கள். வந்த செய்திகள், சீட்டின் படம், கூரியர் இரசீது ஆகிய எதையும் அழிக்காதீர்கள். குற்றவியல் சட்டம் 420 ஆம் பிரிவின்கீழ் ஏமாற்றியவருக்குப் பத்து ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

எங்கள் வானொலிப் பெட்டி திரும்பி வரவில்லை. ஆனாலும் ஏலம் விடுவதை நாங்கள் நிறுத்திவிடவில்லை. சென்ற ஆண்டு, ஜப்பானியர் காலத்து வாழைமரப் பணத்தாள்கள் சிலவற்றைப் போட்டோம். கூச்சிங்கிலிருந்து புதிய கணக்கு ஒன்று எல்லாரையும் மிஞ்சிக் கேட்டது. பழைய நினைவில் நெஞ்சு அடித்துக்கொண்டது. விசாரித்தோம், ஓய்வுபெற்ற பெரியவர், முதல் முறையாக ஏலம் கேட்கிறார். மறுநாள் காலை பணம் கணக்கில் ஏறியது. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் அந்த எண்களைத் தாமே படித்துப் பார்த்தார். "நிறுத்தாச்சு. இப்ப அனுப்பு" என்றார்.

நேயர்களே, நீங்களும் நிறுத்துப் பார்த்தே அனுப்புங்கள்.